தனிக் கரண்டி

வெளிநாடு போய்வந்து தமிழில் எழுதுகிறவர்கள் மலையை எழுதுகிறார்கள், ஏரியை எழுதுகிறார்கள், ரயில் சொன்ன நேரத்துக்கு வந்ததை எழுதுகிறார்கள். மூன்று வேளையும் என்ன தின்றார்கள், அதற்கான காசு யார் கையிலிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதுவதில்லை. எழுதத் தகுந்த விஷயமாக அது அவர்களுக்குப் படுவதில்லை. வயிறும் பர்சும் பிரச்சினையாக இல்லாதவர்களின் எழுத்து அப்படித்தான் இருக்கும். நான் எழுதப்போவது அந்த இரண்டையும் பற்றித்தான். ஏரி நன்றாகத்தான் இருந்தது.

2024 செப்டம்பரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலின் 57ஆவது அமர்வு நடந்தது. அதையொட்டி நடந்த ஒரு கூட்டத்தில் பேசுவதற்கு என்னை அழைத்திருந்தார்கள். பிறப்பையும் தொழிலையும் சொல்லி ஒதுக்கப்படுகிற சமூகங்களின் கூட்டம். நம்மைப் போலவே ஜப்பானின் புராக்கு மக்கள், ஐரோப்பாவின் ரோமா மக்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் தொழிற்குலத்தார் என்று பலரும் வருகிற இடம். இப்படிப்பட்ட அரங்குகளால் ஆகப்போவது என்ன என்று நமக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டை நியாயமானது. ஆனால் 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவே கூடாது என்று இந்திய அரசு நின்றதும், அடுத்த வருஷமே இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தனது 29ஆவது பொதுப் பரிந்துரையில் வம்சாவளிப் பாகுபாடு என்றால் சாதியும் அதில் அடங்கும் என்று எழுதிவைத்ததும் ஒன்றுமில்லாத காரியங்கள் அல்ல. சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு ஐ.நா.வில் ஆலோசனை அந்தஸ்து கேட்டுப் பதினைந்து வருஷம் வாசலில் நின்று, 2022 டிசம்பரில்தான் உள்ளே போனது. வாசல் திறந்தாகிவிட்டது. உள்ளே நுழைய எவ்வளவு ஆகும் என்பது வேறு கணக்கு.

என் கணக்கில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எனக்கு மல்லாட்டை ஆகாது.

வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்தில் நாங்கள் அதை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று தேய்ந்த சொல். தென்னமெரிக்காவில் பிறந்து பிலிப்பைன்ஸின் மணிலா ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் செம்மண்ணுக்கு வந்த பயிர். எங்கள் தெருப் பெண்களுக்கு மல்லாட்டை பிடுங்குகிற மாசம்தான் வருஷத்தின் நல்ல மாசம். ஊர்க்காரர் நிலத்தில் செடியைப் பிடுங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து காயை ஆய்ந்து போட்டால், ஆய்ந்ததில் ஒரு பங்கு கூலி. அம்மா முந்தானையில் கட்டிக்கொண்டு வருவாள். மற்றப் பிள்ளைகள் பச்சையாகவும் அவித்தும் தின்னும். எனக்கு நாலு பருப்பு உள்ளே போனால் உதடு தடித்து, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக எழும்பி, மூச்சு இழுக்கும். அஞ்சு வயசில் ஒரு முறை கண் சொருகிவிட்டதாம். காத்துக் கருப்பு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். நிலத்துக்காரர் வீட்டு அம்மா சொன்னதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை: "சேரிக்காரிக்கு மல்லாட்ட ஆவாதாமா? அப்ப முந்திரியா ஆவும்?"

ஆகாது என்று சொல்ல ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. போட்டதைத் தின்னு என்று வளர்க்கப்பட்டவள் வேண்டாம் என்றால் அது நோயாகத் தெரியாது, திமிராகத் தெரியும். கல்லூரி விடுதியில் கடலைச் சட்னிக்காக நான் இட்லியைத் திருப்பிக் கொடுத்தபோது சமையல்காரர் கேட்டதும் அதே கேள்விதான், வேறு வார்த்தைகளில். "இதெல்லாம் பணக்காரன் வியாதிம்மா." ரத்தப் பரிசோதனை செய்து இது நிலக்கடலைப் புரதத்துக்கான ஒவ்வாமை என்று அரசு மருத்துவமனை டாக்டர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு இருபத்தாறு வயசு. வறுத்தாலும் அவித்தாலும் அந்தப் புரதம் சாகாது என்றும் அவர்தான் சொன்னார். இப்போது ஆரோக்கியம் என்று சொல்லி எல்லோரும் செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாகப் போய்விடும், செக்கில் ஆட்டியதில் இருக்கும். நண்பர்கள் வீட்டில் ஆரோக்கியம் கூடக்கூட எனக்குச் சாப்பாடு குறைந்துகொண்டு வருகிறது.

விசா கதைக்கு வருகிறேன். அழைத்த அமைப்பு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தது. மற்றதெல்லாம் 'திருப்பித் தரப்படும்'. இந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது, திருப்பித் தரும்வரை கைக்காசு போட முடியாதவர்களுக்குத்தான் தெரியும். விசாக் கட்டணம் 2024 ஜூனில்தான் எண்பதிலிருந்து தொண்ணூறு யூரோவாக ஏறியிருந்தது. நம் பணத்தில் எட்டாயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் விசா நிலையத்தின் சேவைக் கட்டணம், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, சென்னைக்கு இரண்டு முறை போய்வர ரயில், போட்டோ. விசா மறுத்தால் இதில் எதுவும் திரும்பி வராது.

பிறகு வங்கிக் கணக்கு. சுவிட்சர்லாந்தில் சொந்தச் செலவில் தங்குகிறவர் ஒரு நாளைக்கு நூறு பிராங்க் வைத்திருப்பதைக் காட்ட வேண்டும். ஒரு பிராங்க் அப்போது நூறு ரூபாய்க்கு ஓரிரு ரூபாய் குறைவு. ஒன்பது நாளுக்குத் தொண்ணூறாயிரம். செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று அமைப்பு கடிதம் கொடுத்திருந்தது. இருந்தாலும் உங்கள் கணக்கிலும் பணம் தெரிவது நல்லது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். மே மாதம் சம்பளம் கிடையாது. என் கணக்கில் அப்போது பதினாலாயிரம் இருந்தது. மகளிர் குழுவில் அறுபதாயிரம் எடுத்தேன். அக்கா தன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கொடுத்தாள். நேற்றுப் போட்ட பணம் இன்றைக்குக் கணக்கில் நின்றால் சந்தேகப்படுவார்கள் என்பதால் இரண்டு மாசம் முன்னாலேயே போட்டு, தொடாமல் வைத்திருந்தோம். தொடாத காசுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு நிற்பதைப் போலத்தான் அந்தப் பாஸ்புத்தகத்தோடு நின்றேன். "எவன் ஊட்டுக்குப் போறதுக்குடி இம்மாங்காசு காட்டணும்?" என்று அக்கா கேட்டாள். எவன் வீட்டுக்கும் இல்லை, ஏழைகளின் உரிமை பற்றிப் பேச.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போன அம்பேத்கர், அதிலும் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார், புத்தகம் வாங்கினார். பிறகு லண்டனில் ராத்திரியில் அப்பளம் சுட்டுத் தின்று படித்தார் என்று தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார். நாம் அவருடைய கோட்டைப் பார்க்கிறோம், அப்பளத்தைப் பார்ப்பதில்லை.

மருந்து விஷயத்தில் எனக்கு அரசு மருத்துவர் ஒருவர் வாய்த்தது அதிர்ஷ்டம். வெளிநாடுகளில் ஒவ்வாமைக்காரர்கள் பேனா மாதிரி ஒரு அட்ரினலின் ஊசியைப் பையில் வைத்திருப்பார்கள், தொடையில் அழுத்தினால் தானாக ஏறும். எங்கள் ஊர் மருந்துக் கடையில் அது கிடைக்காது. கண்ணாடிக் குப்பியில் வருகிற ஒரு மில்லி மருந்து நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதில் அரை மில்லியைச் சிரிஞ்சில் உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கம் சதையில் போட வேண்டும், தேவைப்பட்டால் துணி மேலேயே குத்தலாம் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார். ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினேன். "உதட்டோட தோலோட நின்னா மாத்திரை. மூச்சத் தொட்டா யோசிக்காத, ஊசி, உடனே ஆம்புலன்ஸ்" என்றார். விமான நிலையத்தில் கேட்பார்கள் என்று கடிதமும் கொடுத்தார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிற தோழி ஒருத்தி ஒரு அட்டையில் எழுதித் தந்தாள்: எனக்கு நிலக்கடலை கடும் ஒவ்வாமை, உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து சுத்தமான பாத்திரத்திலும் கரண்டியிலும் சமைக்கவும். பிரெஞ்சில் அதற்கு அராஷீத் என்றும் ககவெத் என்றும் இரண்டு பேர். ஜெர்மனில் எர்ட்நுஸ், மண்ணுக்கொட்டை என்று அர்த்தம். நம் நிலக்கடலையேதான்.

அமைப்பிலிருந்து 'உணவுத் தேவை ஏதேனும் உண்டா' என்று ஒரு படிவம் வந்தது. சைவம், நனிசைவம், ஹலால், கோஷர், மற்றவை. மற்றவை என்கிற கட்டத்தில் நான் எழுத வேண்டியது இதுதான்: தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. கை ஓடவில்லை. என் பாட்டிக்கு டீக்கடையில் கொட்டாங்குச்சி. அம்மாவுக்குத் தனி டம்ளர், குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். என் காலத்தில் அது பேப்பர் கப்பாக மாறிவிட்டது, நாகரிகமாக. மூன்று தலைமுறையாக எந்தச் சொல்லை எதிர்த்து நிற்கிறோமோ அந்தச் சொல்லை என் கையாலேயே எனக்காகக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. தனி, வேறு, தொடாதே, கலக்காதே. என் உடம்புக்குத் தெரிந்த பாஷை இதுதான். உயிர் வாழ வேண்டுமானால் அதைப் பேசித்தான் ஆக வேண்டும். எழுதினேன்.

ஜெனீவாவில் நான் தங்கிய விடுதி இருந்த பகுதிக்குப் பெயர் பாக்கி. பிரெஞ்சில் அதற்கு என்ன அர்த்தமோ, எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஊருக்குள் பஸ், டிராம் இலவசமாகப் போக ஒரு அட்டை தருகிறார்கள். அதனால் போக்குவரத்துச் செலவு இல்லை. தெருவில் இருக்கிற நீரூற்றுகளில் குடிக்கலாம், தண்ணீருக்கும் காசில்லை. யார் வேண்டுமானாலும் வாய் வைத்துக் குடிக்கிற அந்தக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்களே, அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருந்தேன். பேசக் கிடைத்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

சாப்பாடுதான் ஆளை அடிக்கிறது. சாதாரண மத்தியானச் சாப்பாடு இருபது பிராங்குக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். அங்கே ஐந்து பிராங்குக்கு நோட்டு கிடையாது, கனமான ஒரு நாணயம். ஐநூறு ரூபாயைச் சில்லறையாகக் கையில் வைத்திருப்பது நமக்குப் பழகாத விஷயம். கடையில் நம் வங்கி அட்டையைச் செருகினால் மிஷின் மரியாதையாகக் கேட்கும்: ரூபாயில் எடுக்கட்டுமா, பிராங்கில் எடுக்கட்டுமா? ரூபாய் என்று பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். அந்தச் சொந்தம் வேண்டாம். அவன் போடுகிற மாற்று விகிதம் மோசமாக இருக்கும். பிராங்கிலேயே எடுக்கச் சொன்னால் நம் வங்கி மூன்று, மூன்றரை சதவீதத்தோடு விட்டுவிடும். போகிற தோழர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வெளிநாட்டில் செல்லும்படி புறப்படுவதற்கு முன்பே வங்கியில் திறந்துவைத்துவிட வேண்டும், அதுவும் முக்கியம்.

காசில்லாத பிரதிநிதிகள் ஐ.நா. வளாகத்தில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது ஒரு ரகசியம். பக்கக் கூட்டங்கள் சிலவற்றில் இலவசமாக சாண்ட்விச் வைப்பார்கள். எந்த அறையில் எத்தனை மணிக்கு என்று பட்டியல் போட்டுச் சுற்றுகிறவர்கள் உண்டு. கேவலமாகச் சொல்லவில்லை, அது ஒரு திறமை. எனக்கு அந்த வழியும் அடைப்பு. தட்டில் குவித்துவைத்த ரொட்டிக்கு லேபிள் கிடையாது. பொட்டலத்தில் விற்கிற பண்டம் என்றால் சிக்கலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருட்களைத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து சட்டம். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் அங்கேயும் அதே பதினான்குதான். அதில் லூபின் என்று ஒரு பயறு. ரொட்டி மாவில் கலப்பார்களாம். மல்லாட்டை ஆகாதவர்கள் சிலருக்கு அதுவும் ஆகாது. நம் நாட்டிலும் 2020 விதிகளின்படி பொட்டலத்தில் எழுதியாக வேண்டும். நம் ஊரில் பொட்டலத்தில் தின்கிறவர்கள் எத்தனை பேர்?

ஆக, நானே சமைப்பதுதான் வழி. விடுதியில் பொதுச் சமையலறை இருந்தது. அரிசி, பருப்புக்குக் கடை தேடியபோதுதான் ஈழத்து அண்ணன் ஒருவர் கிடைத்தார். ஐ.நா. வாசலில் கால் உடைந்த பெரிய நாற்காலிச் சிலை நிற்கிற சதுக்கத்தில், நீதி கேட்டு ஈழத்தமிழர்கள் திரளுகிற வழக்கம் உண்டு. அங்கே பேச்சு கொடுத்து, அவரே கடைக்குக் கூட்டிப்போனார். உணவக அடுப்படியில் வேலை. நான் ஒரு மிக்சர் பொட்டலத்தைக் காட்டி, "அண்ணே, இதுல கடலை இருக்கா?" என்றேன். அவர் திருப்பிப் பார்த்து, "ஓம், கடலை கிடக்கு. கச்சானும் கிடக்கு. நீங்கள் எதைக் கேக்கிறியள், தங்கச்சி?" என்றார். எனக்கு விளங்கவில்லை. அட்டையைக் காட்டினேன். வாசித்துவிட்டு முகம் மாறிப்போனார். "உங்கட வேர்க்கடலை எங்களுக்குக் கச்சான். நாங்கள் கடலை எண்டால் அது உங்கட கொண்டைக்கடலை. இஞ்ச ஆரிட்டயும் தமிழில கேக்கேக்க கடலை எண்டு கேக்காதேங்கோ. இல்லை எண்டு சொல்லிப்போடுவினம், உள்ளுக்க கச்சான் கிடக்கும்." தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். வட்டார வழக்குக்குத் தனித் தாளே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லில் உயிர் போகும் என்று எந்தத் தாளிலும் வரவில்லை. பிரெஞ்சு அட்டையின் பின்பக்கம் அவரே பேனாவால் 'கச்சான்' என்று எழுதிக் கொடுத்தார்.

நாலாம் நாள் ராத்திரி ஒரு விருந்து. ஜெனீவாவில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற நம் நாட்டுக்காரர், தமிழர், முற்போக்காளர். எங்கள் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டவர். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தார். போகும்போது ஜப்பானியத் தோழர் ஒரு கேக் வாங்கி வந்தார். அதில் முட்டை உண்டா என்று வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு கேட்டார். உண்டு. அதே சிரித்த முகத்தோடு கேக்கைப் பால்கனியில் ஒரு மேசைமேல் வைத்தார். அதற்கென்று காகிதத் தட்டு, தனிக் கத்தி. "தப்பா நினைச்சுக்காதீங்கோ, கிச்சனுக்குள்ள மட்டும் வேண்டாம். பாத்திரம் கலந்துடும்." யாரும் தப்பாக நினைக்கவில்லை. வெளிநாட்டார் அதை ஒரு பண்பாடு என்று மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

சாப்பாட்டில் புளியோதரை இருந்தது. அதில் மல்லாட்டை முழுசுமுழுசாகத் தெரிந்தது. நான் என் விஷயத்தைச் சொன்னேன். "நம்மூர்ல யாருக்குமே இது கிடையாதே, வெள்ளைக்காரா வியாதின்னா! பரவாயில்லை, பார்த்து எடுத்துட்டுச் சாப்பிடுங்கோ" என்றார். எடுத்துவிட்டுச் சாப்பிட முடியாது, தொட்டதும் ஆகாது என்றேன். "தயிர் சாதத்துல ஒண்ணும் இல்லை" என்று அந்த அம்மா ஆசையாக எனக்குப் போட்டார். புளியோதரையில் கிடந்த கரண்டி தயிர் சாதத்துக்கு எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

பத்து நிமிஷத்தில் உதடு சுறுசுறுவென்றது. பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். மேலுதடு தடித்துவிட்டது, கழுத்தில் திட்டு. மாத்திரையைப் போட்டேன். குப்பியையும் சிரிஞ்சையும் கழுவுத்தொட்டி விளிம்பில் எடுத்துவைத்துக்கொண்டு, மூச்சைக் கவனித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அந்த நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 144. கூப்பிட்டால் ஆயிரம் பிராங்க்கூட ஆகலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் காப்பீட்டில், முன்பே இருக்கிற நோய்க்குச் செல்லாது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. மூச்சு ஒருபக்கம் ஓடுகிறது, மனசு இன்னொரு பக்கம் ஆயிரத்தை நூறால் பெருக்குகிறது. லட்ச ரூபாய். குழுவில் அறுபதாயிரம், அக்கா சங்கிலி, இத்தோடு இது. சாகிறதுக்கும் பிழைக்கிறதுக்கும் நடுவில் உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போடுகிற மூளையை எங்கே போய் வாங்கினோம்? எந்த ஒவ்வாமைப் புத்தகத்திலும் இந்த அறிகுறியைப் போட்டிருக்க மாட்டார்கள்.

செனகல் தோழி கதவைத் தட்டி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு நான் முதல்நாளே சிரிஞ்சைக் காட்டியிருந்தேன். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை என்னை ஒரு முழு வாக்கியம் பேசச் சொன்னாள். பேச முடிகிறதா என்று பார்க்கத்தான். உதட்டோடு நின்றது. முக்கால் மணி நேரத்தில் இறங்கியது.

வெளியே வந்ததும் அந்த அம்மா கலங்கிப்போய்விட்டார். "கரண்டி மாறிடுத்தா? ஐயோ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்தான் "இவ்வளவு சென்சிடிவ்வா!" என்று ஆச்சரியப்பட்டார். பால்கனியில் கேக் அப்படியே இருந்தது. தொட்டால் ஒட்டும், கரண்டி வழியாகக் கலக்கும், கண்ணுக்குத் தெரியாமல் பரவும் என்பதெல்லாம் இந்த வீட்டுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லை. ஆயிரம் வருஷமாக அவர்கள் எங்களுக்கு நடத்திய பாடம். இல்லாத தீட்டுக்குத் தனிக் கத்தி எடுக்கத் தெரிந்த கைக்கு, இருக்கிற விஷத்துக்குத் தனிக் கரண்டி எடுக்கத் தோன்றவில்லை. தேவை என்று யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது தேவை ஆகிறது போலிருக்கிறது. முட்டை ஆகாது என்பது பண்பாடு, மல்லாட்டை ஆகாது என்பது வெள்ளைக்காரன் வியாதி.

செனகல் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லர் குடும்பம். வொலோஃப் மக்களில் கொல்லர், பாணர் போன்ற தொழிற்குலங்களை ஞேஞோ என்பார்கள். மேல்குலத்தார் அவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை. அவள் ஊரில் மஃபே என்று ஒரு குழம்பு. அரைத்த மல்லாட்டையில் கொதிக்கிற இறைச்சிக் குழம்பு. கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் அதைச் சமைத்துப் போடுவதென்று ஊரிலிருந்தே மல்லாட்டை விழுதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விருந்து ராத்திரிக்கு மறுநாள் அந்த டப்பாவை எடுத்துப் பையின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டாள். சமைக்கச் சொல்லி நான் கெஞ்சினேன், நான் வெளியே போய்விடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. விடுதிச் சமையலறையில் ஒரு சின்னப் பாத்திரத்தைத் தேடிப்பிடித்து, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு இரண்டு முறை கழுவி, அதன் காதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். கரண்டிக்கும் ஒரு நூல். இது உன்னுடையது, யாரும் தொடக் கூடாது என்றாள். அந்த நூலைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. காரணத்தைச் சொன்னேன், டீக்கடை டம்ளர் கதை. அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, நூலை அவிழ்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் மல்லாட்டை வந்து உட்கார்ந்தது தற்செயல் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1840களிலிருந்து செனகலில் மல்லாட்டையை வாங்கி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைக்கும் சோப்பு ஆலைக்கும் ஏற்றினார்கள். அதே நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மணிலா பாண்டிச்சேரித் துறைமுகத்திலிருந்து அதே மார்செய்க்குக் கப்பலேறியது. அவள் ஊர் மண்ணிலும் என் ஊர் மண்ணிலும் குனிந்து பிடுங்கியவர்கள் ஒரே நகரத்துக்காகப் பிடுங்கியிருக்கிறார்கள். அங்கே நுரைத்த சோப்பில் யார் கை கழுவினார்களோ. "என் பாட்டி ஆய்ந்ததும் உன் பாட்டி ஆய்ந்ததும் ஒரே செக்கில் விழுந்திருக்கும்" என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை என் சாம்பாரும் அவள் அவித்த முட்டையும்தான் விருந்து.

இனி பில். அமைப்பின் விதிப்படி உணவகப் பில் கொடுத்தால் நாளொன்றுக்கு 45 பிராங்க் வரை திருப்பித் தருவார்கள். நான் எட்டு நாளுக்குமாகச் சேர்த்துச் சாப்பாட்டுக்குச் செலவு செய்தது 61 பிராங்க். அரிசி, பருப்பு, முட்டை, தயிர், எலுமிச்சை, உப்பு. ரசீதுகளை வரிசையாக ஒட்டி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கணக்காளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இவை உணவு அல்ல, மளிகை. விதியில் மளிகைக்கு இடமில்லை. முந்நூற்றறுபது பிராங்குக்குச் சாப்பிட்டிருந்தால் கேள்வியில்லாமல் கிடைத்திருக்கும். டாக்டர் சான்றிதழை இணைத்து, உணவகத்தில் சாப்பிட்டால் நான் செத்துப்போகக்கூடும், அப்போது உங்களுக்கு இன்னும் செலவாகும் என்று எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. விசா, காப்பீட்டுப் பணம் ஜனவரியில் வந்தது. அதுவரை குழுவுக்குக் கட்டிய வட்டிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. போவதற்கு முன்பே பாதிப் பணத்தையாவது கையில் கொடுங்கள், மளிகையையும் சாப்பாடாக ஒத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அதுவும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

எங்கள் அமைப்பிலிருந்து அடுத்த முறை போகப்போகிற பெண்ணுக்கு இருபத்துமூன்று வயசு. அவளுக்கு இறால் ஆகாதாம். பாண்டிச்சேரித் தோழியிடம் புது அட்டை எழுதி வாங்கிவிட்டோம். கரண்டி பற்றிய வரியும் அதில் இருக்கிறது. ஈழத்து அண்ணனுக்குப் போன் போட்டு இறாலுக்கு அவர்கள் வேறு பேர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். "இறால் இறால்தான் தங்கச்சி, பயப்பிடாதேங்கோ" என்றார். மருந்துக்கு டாக்டரிடம் சொல்லியாயிற்று. "அக்கா, பேங்க்ல எவ்ளோ காட்டணும்?" என்று கேட்கிறாள். அவள் கணக்கில் ஒன்பதாயிரம் இருக்கிறது. புதன்கிழமை குழுக் கூட்டத்தில் பேச வேண்டும்.